ஊதாத விசில்

அம்பயர் செண்பகவல்லி கையை எந்தப் பக்கம் நீட்டினாள் என்பதுதான் தகராறு.

கோவில்பட்டி டர்ஃப் மைதானத்தில் மாநில மகளிர் ஹாக்கி லீக்கின் அரையிறுதி. வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் முறை அந்த லீக்குக்கு வந்த முதல் வருஷம். கோவைப் பெண்கள் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தபோது, எதிரணியான சேலத்தின் கேப்டன் விரலால் காற்றில் ஒரு பெட்டி வரைந்து வீடியோ கேட்டாள். பந்து கோட்டைத் தாண்டும் முன்பே அம்பயர் விசில் ஊதி, கோவையின் தப்புக்காக ஃப்ரீ ஹிட்டைத் தங்கள் பக்கம் காட்டிவிட்டார் என்பது அவள் கட்சி. கூட்டத்தின் இரைச்சலில் விசில் எப்போது கேட்டது என்று பதிவில் பிரிக்க முடியவில்லை. சரி, கையைப் பார்த்தால் போயிற்று.

பெரிய திரையில் காட்சி ஓடிற்று. பந்து தெரிந்தது, மட்டைகள் தெரிந்தன, கோல்கீப்பரின் தலைக்கவசத்தில் ஒட்டியிருந்த பிள்ளையார் ஸ்டிக்கர்கூடத் தெரிந்தது. அம்பயர் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும், ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்ததுபோல் ஒரு சாம்பல் தீற்றல் நின்றது. அதில் கை எது, உடம்பு எது என்று ஊர்க் கோயில் செண்பகவல்லி அம்மனே வந்தாலும் சொல்ல முடியாது.

கேலரியில் யாரோ, "ஏ, போர்வைக்காரிடா" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். மைதானத்தின் நடுவில், வெயிலில், எல்லார் கண்ணுக்கும் முழுசாகத் தெரியும்படி நின்றிருந்த செண்பகவல்லிக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. மறுநாள் ஆட்டத்தைத் திரும்ப ஆடினார்கள். அவளை ஊதக் கூப்பிடவில்லை.

போர்வை என்பது ஊர் வைத்த பெயர். சட்டத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, யாருக்கும் வாயில் நுழையாது. ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் பரப்பினால், பாதிக்கப்பட்டவர் பதிவு செய்துகொள்ளலாம். அதன் பிறகு நாட்டில் உள்ள எந்தப் போனும் எந்தத் திரையும் அந்தப் படத்தைக் காட்டாது, சாம்பலைத்தான் காட்டும். இதில் இரண்டு வகை. ஒற்றைப் போர்வை, குறிப்பிட்ட படங்களை மட்டும் மறைக்கும். முழுப் போர்வை, ஆளையே மறைக்கும். அவர் இருக்கிற எல்லாப் படத்திலும், எப்போது எடுத்ததானாலும்.

நம் ஊரில் ஃப்ரிட்ஜ் வாங்கப் போனாலும் தண்ணீர்த் தொட்டி வாங்கப் போனாலும் நியாயம் ஒன்றுதான்: வாங்குவதே வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கிவிடுவோம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் செண்பகவல்லியின் அண்ணன் சோலைராஜ் அந்த நியாயத்தோடுதான் அவளைப் பதிவு மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். தீப்பெட்டி ஆலையில் சூப்பர்வைசர், தங்கைமேல் உயிர், பயந்த சுபாவம். "முழுசாவே போட்டுருங்க சார்" என்றான். அழுது அழுது கண் வீங்கியிருந்த அவள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

படங்களைப் பரப்பியவன் தினகர். கடலைமிட்டாய்க் கம்பெனி வீட்டுப் பிள்ளை; அவளுக்கு நிச்சயம் செய்திருந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு மைதானம், விசில் எல்லாம் கூடாது என்றான். அவள் நிச்சயப் புடவையைத் திருப்பிக் கொடுத்தாள். நம்பிக்கையாக இருந்த காலத்தில் அவனோடு மட்டும் பகிர்ந்துகொண்ட படங்கள் அந்த வாரமே ஊர் முழுக்கப் போயின. சோலைராஜின் போனுக்கும் வந்தது. அவன் போனைத் துவைக்கிற கல்லில் போட்டு உடைத்தான். அந்தப் படத்தை மையத்தில் கொடுத்திருந்தால் ஒற்றைப் போர்வையே போதுமாயிருக்கும். மானத்துக்குப் பயந்தவன் உடைப்பானே தவிர, கொண்டுபோய்க் கொடுப்பானா?

கோர்ட்டுக்கும் போனார்கள். நீதிபதி திரையில் பார்த்தது சாம்பலைத்தான். சாம்பலை வைத்து யாரைத் தண்டிப்பது? வழக்கு தள்ளுபடியாயிற்று. தினகருக்கு அந்த வருஷமே வேறிடத்தில் கல்யாணம் ஆனது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் வரைக்கும் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் அவன் பல் அத்தனையும் தெரிந்தது. சோலைராஜ் மகளின் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். கீழே வரிசையாகச் சொந்தக்காரர்களின் தலைகள். அத்தை இருக்க வேண்டிய வட்டத்தில் சாம்பல். பிரிண்டிங் கடைக்காரர், "வேணும்னா இந்த வட்டத்துல ஒரு தாமரை வச்சிரட்டுமா?" என்று நல்ல மனசோடுதான் கேட்டார்.

அதுதான் அவளுக்கு ஆத்திரம். மறைத்தது எதுவோ, அதையே இந்தச் சாம்பல் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்க்காதவர்கள் சாம்பலைப் பார்த்துத் தங்கள் இஷ்டத்துக்கு வரைந்துகொண்டார்கள்.

அரையிறுதிக்குப் பிறகு ஒரு வருஷம் அவளுக்கு ஆட்டமே வரவில்லை. அடுத்த வருஷ லீக்கின் இறுதி ஆட்டம் மறுபடியும் கோவில்பட்டியில் என்று முடிவானபோது, சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். பழைய ஆட்டக்காரர், ஒளிவுமறைவில்லாத மனுஷன்.

"உன் தீர்ப்புல யாரும் குத்தம் சொல்லலம்மா. மதுரையும் சேலமும் ஆடுது, அதுக்கு உன்னை மாதிரி ஒரு ஆள் இருந்தா எனக்கு நிம்மதி. ஆனா கை தெரியாத அம்பயரை நான் எப்படிப் போட? அந்தச் சாம்பலைக் கழட்ட முடியும்னா வா. முடியாதுன்னா இனிமே லீக்ல உனக்கு இடமில்ல. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு."

அவள் மறுநாள் காலை பதிவு மையத்தில் இருந்தாள். தாலுகா ஆபீஸ் வளாகத்தில், வேப்பமரத்தடியில் ஒரு புதுக் கட்டடம். அதிகாரி ஜெபராணி, ஐம்பதை நெருங்குகிறவர், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி சுட்டிக்காட்டியதும் எடுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"முழுசை எடுத்துட்டு ஒற்றையா மாத்தணும்னு கேக்கீங்க. எல்லாரும் இதைத்தான் கேட்டு வாராங்க மேடம். மாத்தலாம். ஆனா ஒரு படத்தோட ரேகையை, அதாவது மெஷின் அதை அடையாளம் கண்டுக்கிடுத குறியை, எடுக்கணும்னா எங்களுக்கு அந்தப் படம் ஒரு தடவை வேணும். ரேகை எடுத்ததும் படம் அழிஞ்சிரும், நாங்க வச்சுக்க மாட்டோம். அதுக்கப்புறம் அவன் அதை வெட்டினாலும் ஒட்டினாலும் எங்கயும் ஏறாது. ஆனா படம் யார்கிட்ட இருக்கு?"

"அவன்கிட்ட."

"அவன் போனைத் தோண்டிப் பாக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. யாராவது யாருக்காவது அனுப்பினாத்தான் எங்க கண்ணுல படும். போர்வை இருக்குத வரைக்கும் அவன் போன்லயே அது சாம்பல்தான். சாம்பலை யாரு யாருக்கு அனுப்புவா?"

"போர்வையை எடுத்துட்டா அவனுக்குத் தெரியும். அனுப்புவான்."

ஜெபராணி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அனுப்பினா எங்க மெஷின் படத்துல உங்களைக் கண்டுபிடிச்சிரும், யார் கையிலேருந்து கிளம்புச்சுங்கிறதும் பதிவாயிரும். ஆனா அது அந்த மாதிரிப் படம்தானான்னு இங்க ஒரு ஆள் பாத்து முத்திரை போடணும். பொம்பளைங்கதான் பாப்பாங்க. இல்லன்னா நீங்க கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்திருக்குத படத்தையும் மெஷின் மறைச்சிரும். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கு பாத்தீங்களா, அதுல எத்தனை பேர் திறந்து பாப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. யாராவது புகார் பட்டனை அமுக்கினா வரிசையில முன்னால வந்திரும், சட்டுன்னு மறைச்சிரலாம். ஆனா யாரு அமுக்குதா? எல்லாரும் பாத்து முடிச்சிட்டுத்தான் ஐயோ பாவங்காங்க."

"இது புதுக் குத்தமா ஆகுமா, பழசா?"

"புதுசு. எங்க பதிவே சாட்சி. இந்தத் தடவை நீதிபதி சாம்பலைப் பாக்க வேண்டியதில்ல." சொல்லிவிட்டு ஜெபராணி அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க உங்களையே தூண்டில் புழுவா வைக்கப் போறீங்க. இதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன். திருடன் வீட்டுல பூட்டுப் போடாம, பறிகொடுத்தவ வீட்டுல பூட்டுப் போட்டு வச்சிருக்குத சட்டம் இது, எனக்குத் தெரியும். அதுக்காக நீங்க ஏன் திரும்ப அடிபடணும்?"

"ஹாக்கில ஒரு விதி இருக்கு மேடம்" என்றாள் செண்பகவல்லி. "ஒருத்தி தப்பு செஞ்ச உடனே நாங்க ஊதிற மாட்டோம். ஊதினா ஆட்டம் நின்னுரும், தப்பு செஞ்சவளுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். பந்து இன்னும் அடிபட்டவ மட்டையிலதான் இருக்குன்னா, ஊதாம கையை மட்டும் தூக்கிக் காட்டிட்டு ஆட விடுவோம். நான் பாத்துட்டேன், நீ ஆடுன்னு அர்த்தம். அட்வான்டேஜ்னு பேரு. ஊதாம இருக்குததும் ஒரு தீர்ப்புதான். அன்னைக்கு எல்லாருமாச் சேந்து எனக்காகச் சட்டுன்னு ஊதிட்டாங்க. ஆட்டம் நின்னுபோச்சு. அவன் மூச்சு வாங்கிட்டு நடந்து போயிட்டான்."

"அவன் சும்மா இருந்துட்டான்னா?"

"இருக்க மாட்டான். இத்தனை வருசமா நான் தெரியாம இருக்கதாலதான் அவன் சும்மா இருக்கான். ஃபைனலுக்கு அவங்க கம்பெனிதான் விளம்பரத் தட்டி வைக்குது, முன்வரிசையில வந்து உக்காருவான். பெரிய திரையில என் முகத்தை அவ்வளவு பெருசாப் பாத்துட்டு அவனால கையைக் கட்டிட்டு இருக்க முடியாது."

ஜெபராணி எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "அன்னைக்கு நானே டியூட்டி போட்டுக்கிடுதேன்" என்றார். "முத்திரை என் கையில இருக்கட்டும்."

வீட்டில் சோலைராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடித்தபோது அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"கிணத்துல விழுந்தவளைத் தூக்கி வெளிய விட்டேன். நீ திரும்பவும் குதிக்கேங்கே."

"நீ தூக்கினதை நான் மறக்கல அண்ணே. ஆனா தூக்கி ஒரு இருட்டு அறையில வச்சுப் பூட்டிட்டே. உன் மகளோட காதுகுத்துப் படத்துல நான் எங்க இருக்கேன், சொல்லு."

"ஊரு பாக்குமே."

"பாத்தவன் அன்னைக்கே பாத்துட்டான். பாக்காதவன் சாம்பலைப் பாத்து அதைவிட மோசமா நினைச்சுக்கிட்டிருக்கான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு விசில் வேணும்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணு இல்லையே" என்றான். குரல் உடைந்துவிட்டது. "எனக்கும் அது வரும். அன்னைக்கு வந்த மாதிரி. அவன் இருக்குத ஊர் ஹாக்கி வாட்ஸ்அப் குரூப்லதான் நானும் இருக்கேன். அண்ணன்காரன் போன்ல தங்கச்சி படம். நான் என்னத்தச் செய்ய?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். அந்த நாளில் தன் அவமானத்தை மட்டுமே நினைத்து அழுதவள். கல்லில் போனை உடைத்தவனுக்குக் கையில் என்ன காயம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "வந்தா திறக்காதே" என்றாள். "கீழ ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கு. அவ்வளவுதான்."

அவன் மிச்சச் சோற்றில் தண்ணீரை ஊற்றி எழுந்துவிட்டான்.

போர்வையை எடுக்க அவள் ஒருத்தியின் கையெழுத்து போதும். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படித்துப் போட்டாள்.

இறுதி ஆட்டத்தன்று மாலை கேலரி நிறைந்திருந்தது. கோவில்பட்டிக்காரர்களுக்குப் பக்கத்து ஊர்ப் பாசம். முக்கால்வாசிப் பேர் மதுரைக் கட்சி. அணிகள் வரிசையில் நின்றதும் கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்து அம்பயர்களிடம் வந்தது. பெரிய திரையில் செண்பகவல்லி தெரிந்தாள். இழுத்துக் கட்டிய கூந்தல், வலது புருவத்தில் பழைய பந்தடித் தழும்பு, கழுத்தில் விசில். நெற்றியோரம் நரைத்திருப்பதை அவளே அப்போதுதான் கவனித்தாள். கேலரி தேனீக்கூடுபோல் முனகியது. முன்வரிசையில் தினகர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். காலை இறக்கினான்.

அவள் விசில் ஊதினாள்.

முதல் பகுதி ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது பகுதியில் சேலத்துக்காரி ஒருத்தியை மதுரைப் பெண் தோளால் இடித்தாள். இடிபட்டவள் தடுமாறினாலும் பந்தை விடவில்லை. செண்பகவல்லி ஊதாமல் வலது கையை உயரத் தூக்கி, சேலம் முன்னேறும் திசையில் நீட்டியபடி கூடவே ஓடினாள். அந்த நேரத்தில்தான் கேலரியில் ஒரு மாற்றம். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குனிந்தன. ஒருவன் பக்கத்தில் இருந்தவனுக்குப் போனைச் சாய்த்துக் காட்டினான். காட்டியவன் அவளைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.  ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்தச் செண்பகவல்லி ஓடிப்போய் ஏதாவது ஒரு சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் துடித்தாள். கால் நிற்கப் பார்த்தது. கை மட்டும் இறங்கவில்லை. சேலத்துக்காரி கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் நுழைந்து அடித்தாள். கோல்கீப்பர் காலால் தடுத்துவிட்டாள். ஆட்டம் தொடர்ந்தது. அவளும் தொடர்ந்து ஓடினாள். அழுகை வந்தது, வியர்வையோடு போயிற்று.

இடைவேளையில் ஜெபராணி கூப்பிட்டார்.

"மீன் விழுந்தாச்சு மேடம். எல்லாத்துக்கும் ரேகை எடுத்தாச்சு. இனி நாட்டுல எந்தத் திரையிலயும் அது ஏறாது. அவன் போன்லேருந்துதான் கிளம்புச்சு, உக்காந்த இடத்துலேருந்தே அனுப்பியிருக்கான். போலீசுக்குத் தகவல் போயிட்டு."

"எத்தனை பேர் பாத்தாங்க?"

"கொஞ்சப் பேர் பாத்துட்டாங்க. பொய் சொல்ல மாட்டேன்." ஜெபராணி தயங்கினார். "ஆனா நான் பயந்த அளவுக்கு இல்ல. படம் குரூப்புக்கு வந்த உடனேயே ஒரு புகார் வந்துச்சு. அதனாலதான் வரிசையில முன்னால வந்துச்சு, நான் டக்குன்னு முத்திரை போட்டுட்டேன். படத்தைத் திறக்காமலே புகார் கொடுத்திருக்காங்க. கொடுத்தது உங்க அண்ணன்."

செண்பகவல்லி போனைக் காதில் வைத்தபடியே கேலரியைத் தேடினாள். மேல் வரிசையில், தூண் ஓரமாக, போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சோலைராஜ் உட்கார்ந்திருந்தான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கை ஆட்டவில்லை. அம்பயர் கேலரிக்குக் கை ஆட்டக் கூடாது. மூன்றாவது பகுதி தொடங்கும்போது முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வாசலோரம் நின்ற இரண்டு பெண் போலீசாரையும் காணவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடியும் தறுவாயில் சேலம் பந்தை வலைக்குள் அடித்தது. அடித்தவளின் காலில் பந்து பட்டதாகச் செண்பகவல்லிக்குத் தோன்றியது; ஹாக்கியில் அது தப்பு. கோல் இல்லை என்று கையைக் காட்டினாள். மதுரைக் கட்சி எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சேலத்தின் கேப்டன், போன வருஷத்து அதே பெண், காற்றில் பெட்டி வரைந்தாள்.

பெரிய திரை ஓடிற்று. ஒன்றும் மறையவில்லை. பந்து வருகிறது, காலுக்கு ஒரு விரற்கடை தள்ளியே போகிறது, மட்டையில் படுகிறது. அம்பயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் ஒரு தடுப்பாட்டக்காரியின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதும், பார்க்க முடியாமலே கையைக் காட்டுவதும் மெதுவாக, பெரிதாக, இரண்டு தடவை ஓடிற்று. ஊரே பார்த்தது. தப்பு அவளுடையதுதான்.

செண்பகவல்லி இரண்டு கையையும் மைதானத்தின் நடுவை நோக்கி நீட்டினாள். கோல்.

கேலரி கொதித்தது. "ஏ அம்பயரு, கண்ணாடி வாங்கித் தரட்டா?" என்றான் ஒருவன். "நொண்டி விளையாட்டுக்கு ஊதப் போம்மா" என்றது இன்னொரு குரல். பாட்டில் ஒன்று உருண்டு வந்து எல்லைக்கோட்டில் நின்றது. அத்தனை வசவிலும் யார் வாயிலும் போர்வை என்ற சொல் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தூண் ஓரத்திலிருந்து, மதுரைக் கட்சியின் கூச்சலையும் மீறி, தொண்டை கிழிகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஏ செண்பகம், அங்கன நின்னா எப்படித் தெரியும்? உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சோலைராஜ் எழுந்து நின்று, துண்டை உதறி உதறி, ஊர் பார்க்கத் தன் தங்கையைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தான்.

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. ஆட்டத்தின் நடுவில் அம்பயர் சிரிக்கக் கூடாது. விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினாள்.